பேலட் மரத்தில் ஒரு யானைத் தொட்டி

துறைமுகங்களிலும் ரயில் சரக்கு முனையங்களிலும் தொழிற்பேட்டைக் கிடங்குகளிலும் பெட்டிகளோ மூட்டைகளோ பெரும்பாலும் வெறுந்தரையில் வைக்கப்படுவதில்லை. அவற்றின் அடியில் பலகைகளாலான ஒரு தட்டு இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு இரும்புக் கரங்களும் உள்ளே நுழைந்து சுமையோடு சேர்த்துத் தூக்குவதற்கு ஏற்றவாறு, மேற்பலகைகளுக்கும் கீழ்ப்பலகைகளுக்கும் இடையே கட்டைகளைக் கொடுத்து இது அமைக்கப்பட்டிருக்கும். வாணிபத்தில் இதனைப் பேலட் என்பர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளின் தளவாடப் போக்குவரத்தில் பெருமளவு கையாளப்பட்ட இந்தத் தட்டு, போருக்குப் பின் உலகெங்கும் பரவியது. 1200 மில்லிமீட்டர் நீளமும் 1000 மில்லிமீட்டர் அகலமும் உடையது ஒரு பொது அளவு. ஐரோப்பாவில் 1200க்கு 800 என்ற அளவு பெருவழக்காக உள்ளது.

சுமையை இறக்கிய பின் பல பேலட்டுகள் புறப்பட்ட இடத்திற்குத் திரும்புவதில்லை. காலித் தட்டுகளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் செலவு அவற்றின் விலைக்குக் கட்டுபடியாகாது. ஆகவே அவை வந்த இடத்திலேயே தங்கி, மழையில் நனைந்து, ஒரு நாள் பழைய மர வியாபாரியின் வண்டியிலோ தேநீர்க் கடையின் அடுப்பிலோ முடிகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம் ஆகும். 20 கிலோ எடையுள்ள பேலட் ஒன்றை எரித்தால் சுமார் 36 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. பல ஆண்டுகள் வளர்ந்த மரம் சில மணி நேரத்துக் கொதிநீராக மாறிவிடுகிறது.

இந்த மரத்தை அடுப்பிலிருந்து மீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டு வருவது கடினமான செயலன்று. பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் அலுவலக வளாகங்களிலும் பேலட் பலகைகளைக் கொண்டு செடித்தொட்டிகள் செய்ய இயலும். அதிலும் யானை, ஆடு, ஒட்டகம் போன்ற விலங்கு வடிவில் செய்தால் குழந்தைகள் தாமாகவே தண்ணீர் ஊற்ற முன்வருவர். ஆயினும் ரம்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த மரம் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன செய்யப்பட்டது, அதன் மீது எது ஏற்றப்பட்டது என்பவற்றை அறிய வேண்டும். தொட்டியில் வளர்வது கீரை. அதை உண்பது பள்ளிச் சிறார். 2019இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட பின், பள்ளி வளாகத்தில் விளையும் காய்கறிகளும் கீரைகளும் மதிய உணவில் சேர்க்கப்படுவது ஊக்குவிக்கப்படுகிறது. எனவே தொட்டி மரத்தின் தூய்மை அழகுணர்ச்சி சார்ந்த செய்தியன்று. உணவுப் பாதுகாப்பு சார்ந்தது.

முத்திரையைப் படித்தல்

வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டின் பக்கவாட்டுக் கட்டையை உற்று நோக்கினால், சூட்டுக்கோலால் பொறித்ததோ மையால் அச்சிட்டதோ ஆன ஒரு சிறு கட்டம் தென்படும். அதன் ஒருபுறம் கோதுமைக் கதிரைப் போன்ற சின்னம். மறுபுறம் சில ரோமன் எழுத்துகளும் எண்களும். இந்த முத்திரைக்கு ஒரு வரலாறு உண்டு.

1996இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மேப்பிள் மரங்கள் உட்புறம் துளைக்கப்பட்டுப் பட்டுப்போகத் தொடங்கின. ஆசியாவைச் சேர்ந்த நீள்கொம்பு வண்டு ஒன்று அதற்குக் காரணம் எனத் தெரிய வந்தது. சீனாவிலிருந்து சரக்குகளோடு வந்த சிப்ப மரத்தில் புழுவாக ஒளிந்திருந்து அது கரையேறியிருக்க வேண்டும் என்பது நிபுணர்களின் முடிவு. அதனை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. 1999இல் போர்ச்சுகல் நாட்டின் பைன் காடுகளில், மரத்தை வாடச் செய்யும் நூற்புழு கண்டறியப்பட்டது. விலை குறைந்த சிப்ப மரம் ஒரு நாட்டின் காட்டுச் செல்வத்தையே அழிக்கக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தின. அதன் விளைவாக, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் இயங்கும் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ், 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்னும் தர விதி ஏற்கப்பட்டது. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள பச்சை மரத்தாலான சிப்பப் பொருள்கள் எல்லை கடக்க வேண்டுமானால், பட்டை நீக்கப்பட்டு, பூச்சி கொல்லும் முறை ஒன்றுக்கு உட்பட்டு, முத்திரை பெற வேண்டும் என்பது அதன் சாரம். ஒட்டுப்பலகை போலப் பசையும் வெப்பமும் அழுத்தமும் கொண்டு செய்யப்படுபவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. இந்தியாவுக்குள் வரும் சிப்ப மரத்திற்கும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை வழியாக இந்த விதி பொருந்துகிறது.

முத்திரையில் முதலிரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். ஐ.என். என்றிருந்தால் இந்தியா, டி.இ. என்றிருந்தால் ஜெர்மனி. அடுத்து வருவது முத்திரையிட்ட நிறுவனத்தின் பதிவெண். தோட்டக்காரருக்குத் தேவையானது கடைசியில் உள்ள இரண்டு எழுத்துகளே. எச்.டி. என்பது வெப்பமூட்டப்பட்ட மரம். மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் இடைவிடாது 30 நிமிடம் எட்டியிருக்க வேண்டும். டி.எச். என்பது மின்காந்த அலைகளால் சூடேற்றப்பட்டது. எம்.பி. என்பது மெதில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. எஸ்.எஃப். என்பது 2018இல் இவ்விதியில் சேர்க்கப்பட்ட சல்ஃபூரில் ஃபுளோரைடு வாயுவைக் குறிக்கும்.

மெதில் புரோமைடு கொடிய நஞ்சு என்பதோடு, வானின் ஓசோன் படலத்தையும் அரிக்க வல்லது. 1987இல் உருவான மான்ட்ரீல் ஒப்பந்தத்தின் பட்டியலில் அது 1992இல் சேர்க்கப்பட்டது. எனினும் ஏற்றுமதிக்கு முந்தைய பூச்சி ஒழிப்புக்கும் தாவரத் தனிமைப்படுத்தலுக்கும் விலக்கு இருப்பதால், இந்த எழுத்துகளைத் தாங்கிய மரம் இன்னும் நம் கிடங்குகளுக்கு வருகிறது. வாயு காலப்போக்கில் வெளியேறிவிடும் என்பது உண்மையே. ஆயினும் குழந்தைகள் இழைத்துத் தேய்க்கும் மரமாகவும், கீரை வளரும் மரமாகவும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எச்.டி. மரமே எளிதாகக் கிடைக்கும்போது எம்.பி. மரத்தை ஒதுக்கிவிடுவதே முறை.

பலரிடையே நிலவும் ஒரு தவறான கருத்தை இங்கே நீக்க வேண்டியுள்ளது. எச்.டி. முத்திரை மரம் கெடாது என்பதற்குச் சான்றன்று. வெப்பம் அன்று உள்ளேயிருந்த புழுவைக் கொன்றதே தவிர, நாளை வரும் கரையானுக்கோ பூஞ்சைக்கோ மரத்தில் எந்தத் தடையையும் விட்டுச்செல்லவில்லை. மழையில் வைத்தால் இந்த மரமும் சாதாரணப் பைன் மரத்தைப் போலவே உளுத்துப்போகும்.

முத்திரையே இல்லாத பேலட்டுகளும் மிகுதி. உள்நாட்டுப் போக்குவரத்துக்கு முத்திரை தேவையில்லை. ரப்பர் மரம், யூகலிப்டஸ், சில்வர் ஓக், மாமரம் முதலியவற்றாலும், இறக்குமதியாகும் பைன் மரத்தாலும் இவை செய்யப்படுகின்றன. 2017இல் தீன்தயாள் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற காண்ட்லாவை ஒட்டியுள்ள குஜராத்தின் காந்திதாம் நகரம், இறக்குமதி மரம் அறுக்கும் ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. முத்திரை இல்லாமை ஆபத்தின் அறிகுறியன்று. ஆனால் அங்கே மரம் பேசாது, ஆளைத்தான் கேட்க வேண்டும். பேலட் எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது, அதில் பிஸ்கட் பெட்டிகள் ஏற்றப்பட்டனவா, பூச்சிமருந்து டின்கள் ஏற்றப்பட்டனவா என்பதைக் கிடங்குப் பொறுப்பாளரே அறிவார். எண்ணெய்க் கறை, வெள்ளைப் பொடி, மூக்கைத் துளைக்கும் நெடி ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பலகையைத் தொடாமல் விடுவது நலம். 2009–2010இல் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனம் தன் மாத்திரைப் புட்டிகளை ஏராளமாகத் திரும்பப் பெற நேர்ந்தது. புட்டிகளிலிருந்து எழுந்த பூசண நாற்றத்தின் மூலம், பேலட் மரத்தில் பூசப்பட்ட பூஞ்சைக்கொல்லியே எனக் கண்டறியப்பட்டது. மரத்தின் மேல் இருப்பது மட்டுமன்றி மரத்துக்குள் இருப்பதும் பயணம் செய்யும் என்பதற்கு இது சான்று.

பச்சை நிறச் சாயல் படிந்த மரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளை மரத்தில் அழுத்தி ஏற்றும் பாதுகாப்பு முறையை 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் சொண்டி காமேசன் என்னும் இந்திய அறிஞர். ஆஸ்கு என்ற பெயரில் அது உலகம் முழுவதும் பரவி, கம்பங்களையும் பாலங்களையும் பல பத்தாண்டுகள் காத்து நின்றது. ஆயினும் ஆர்சனிக் நஞ்சு என்பதால், அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கும் விளையாட்டுத் திடல் மரங்களுக்கும் அம்முறை கைவிடப்பட்டது. பேலட்டுகளில் இம்மரம் அரிதே. ஆனால் பழைய மரக்கடையில் பேலட்டோடு கம்பிச் சுருளைகளும் கட்டடக் கழிவு மரங்களும் கலந்து கிடக்கும். பச்சைச் சாயல் கொண்ட கட்டையை இழைக்கவும் கூடாது. அடுப்பில் இடவும் கூடாது. அதன் சாம்பலிலும் ஆர்சனிக் தங்கும்.

மற்றொரு செய்தி அலுவலர்களுக்கு உரியது. நீல வண்ணம் முழுமையாகப் பூசிய பேலட்டுகள் பொதுவாக வாடகை நிறுவனங்களின் உடைமை. அவை கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தாலும் கழிவு ஆகா. அதுபோலவே அரசு அலுவலகத்திற்கு வந்த இயந்திரத்தின் சிப்ப மரமும், பயனற்றதென முறைப்படி அறிவிக்கப்பட்டு, பொது நிதி விதிகளின்படி அகற்றப்பட வேண்டிய பொருளே. பள்ளிக்குக் கொடுப்பது நற்செயல் என்பதால் கோப்பில் ஒரு வரி எழுதுவதைத் தவிர்க்க முடியாது. அந்த ஒரு வரி எழுதப்படாததாலேயே பல நல்ல பலகைகள் வளாகத்தின் மூலையில் மக்கிப்போகின்றன.

பிரித்தெடுத்தல்

பேலட்டைப் பிரிப்பது, தொட்டி செய்வதைக் காட்டிலும் கூடுதலான பொறுமையைக் கேட்கும். சுமை தாங்கி ஆடினாலும் கழலாதிருக்க, முறுக்கு உடல் கொண்ட ஆணிகள் இதில் அறையப்பட்டிருக்கும். கடப்பாரையால் நெம்பினால் ஆணி வராது. பலகையின் முனைதான் பிளந்து வரும். பலகைக்கும் கட்டைக்கும் இடையே சிறு ஆப்பை அடித்து இடைவெளி உண்டாக்கி, இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை அதில் நுழைத்து ஆணியின் உடலை அறுத்துவிடுவதே சிறந்த வழி. ஆணித்தலை பலகையிலும் அடிப்பாகம் கட்டையிலும் தங்கிவிடும். தலையைப் பின்புறமிருந்து தட்டி வெளியேற்றலாம். கட்டையில் புதைந்த துண்டுகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைக்க வேண்டும். பின்னர் இழைப்புளியின் வாய் அதில் பட்டால் கூர் போய்விடும்.

இந்தக் கட்டத்தைப் பெரியவர்களே செய்ய வேண்டும். மாணவர்கள் பங்கு கொள்வதாயின் தடித்த கையுறையும் காலணியும் கட்டாயம். சிறார்க்கு 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் டி.டி. தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்பதை ஆசிரியர் முன்னதாகவே உறுதி செய்துகொள்வது நன்று. துருப்பிடித்த ஆணியோடு பழகும் வேலையில் இது மிகைப்பட்ட எச்சரிக்கையாகாது.

ஏன் யானை?

பேலட் பலகை வளையாது. மெல்லிய செதுக்கு வேலைக்கும் இடம் கொடாது. நேர்கோடுகளாலும் தட்டைப் பரப்புகளாலும் சொல்லக்கூடிய உருவமே அதற்குப் பொருந்தும். மேலும் ஈரமண் கனமானது. மான், குதிரை போன்ற மெலிந்த கால்களுடைய விலங்குகள் பார்வைக்கு அழகாக இருப்பினும் மண் சுமையைத் தாங்கி நில்லா. தூண் போன்ற நான்கு கால்களும், பெட்டி போன்ற வயிறும், முதுகில் சுமை ஏற்றும் வழக்கமும் உடைய யானையே இந்த மரத்துக்கு இயல்பான வடிவம். ஆந்திரத்தின் கொண்டபள்ளிப் பொம்மைகளில் அம்பாரி தாங்கிய யானை புகழ் பெற்றது. அங்கே மரம் மென்மையானது. உருவம் வளைவுகளால் ஆனது. பேலட் யானைக்கு அந்த நளினம் வாராது. அதை எதிர்பார்க்கவும் வேண்டுவதில்லை.

கழிவுப் பொருளின் குறையையே உருவத்தின் இலக்கணமாக்கிக் கொள்வது எவ்வாறு என்பதற்கு நம் நாட்டிலேயே பெரும் எடுத்துக்காட்டு உண்டு. சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் கட்டட இடிபாடுகளையும் உடைந்த பீங்கானையும் வளையல்களையும் சேகரித்து, வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் எவருக்கும் தெரியாமல் மனித உருவங்களையும் விலங்குகளையும் படைத்து வந்தார். அனுமதியின்றி அரசு நிலத்தில் எழுந்த அந்தப் படைப்பு அழிக்கப்படாமல், 1976இல் பாறைத் தோட்டமாகப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. உடைந்த வளையலை அவர் முழு வளையலாகக் காட்ட முயலவில்லை. அது வளையல் துண்டாகவே உருவத்தின் மேனியில் ஒளிர்கிறது. பேலட் பலகையிலுள்ள ஆணித் துளைகளையும் அவ்வாறே விட்டுவிடலாம்.

செய்முறை

ஒரே பேலட்டிலிருந்து ஒரு யானைக்கான மரம் கிடைத்துவிடும். பலகைகள் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் தடிமனும் உடையவை எனக் கொண்டு பின்வரும் அளவுகள் தரப்படுகின்றன. பலகை வேறுபட்டால் அளவும் வேறுபடும்.

வயிறு என்பது 60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி. இரு பக்கங்களுக்கும் பக்கத்துக்கு மூன்றாக 60 சென்டிமீட்டர் பலகைகள் ஆறு. முன்னும் பின்னும் மூன்று மூன்றாக 30 சென்டிமீட்டர் பலகைகள் ஆறு. முனைப் பலகைகள் பக்கப் பலகைகளுக்கு இடையே அமைய வேண்டும். அப்போது உள்நீளம் 56 சென்டிமீட்டராகவும் உள் அகலம் 30 சென்டிமீட்டராகவும் இருக்கும்.

கால்களில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. பெட்டியின் வெளிப்புறத்தில் நான்கு கட்டைகளை ஆணியடித்து ஒட்டிவிடுவது பலர் செய்யும் முறை. உள்ளே நிரப்பப்படும் மண் சுமார் 28 லிட்டர். நீர் ஊற்றியபின் அது 35 கிலோ அளவுக்குக் கனக்கும். அந்தக் கனம் முழுவதையும் நான்கைந்து ஆணிகள் பக்கவாட்டில் தாங்க நேரும். முதல் மழைக்காலத்தில் மரம் ஊறி ஆணித்துளை தளர்ந்ததும் யானை மண்டியிட்டுவிடும். சுமை ஆணியின் மீது நிற்காமல் மரத்தின் மீது நிற்க வேண்டும். அதற்கு, பேலட்டின் நடுக்கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு எட்டுத் துண்டுகள் அறுத்து, இரண்டிரண்டாக இணைத்து நான்கு கால்கள் செய்ய வேண்டும். ஒவ்வொரு காலும் பெட்டியின் உள்மூலையில் 6 சென்டிமீட்டர் உயரம் உள்ளே நுழைந்து நிற்கட்டும். எஞ்சிய 24 சென்டிமீட்டர் வெளியே தெரியும். முன்காலின் தலையிலிருந்து பின்காலின் தலைவரை, பக்கத்துக்கு ஒன்றாக, 3 சென்டிமீட்டர் கனமுள்ள ரீப்பர் கட்டையைப் படுக்க வைத்து, அதன் மேல் குறுக்காக அடிப்பலகைகள் ஐந்தைப் பரப்ப வேண்டும். இப்போது மண்ணின் கனம் அடிப்பலகையிலிருந்து ரீப்பருக்கும், ரீப்பரிலிருந்து காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் இறங்குகிறது. பக்கப் பலகை வழியாகக் காலில் முடுக்கும் திருகாணிகளுக்குக் கால் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டுமே. உத்தரமும் தூணும் கொண்ட பழைய வீட்டின் கூரை நிற்பதும் இந்த விதியால்தான் என்பதைப் பௌதிக ஆசிரியர் இவ்விடத்தில் எடுத்துக்காட்டலாம்.

ஐந்து அடிப்பலகைகளுக்கு இடையே ஒன்றரைச் சென்டிமீட்டர் சந்து விட்டால் 56 சென்டிமீட்டர் சரியாக நிரம்பும். அந்தச் சந்துகளே வடிகால். தனியே துளையிட வேண்டியதில்லை.

திருகாணிகள் துத்தநாகம் பூசியவையாக இருத்தல் வேண்டும். பேலட்டிலிருந்து எடுத்த ஆணிகளை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமாகத் தோன்றினும், ஈரத்தில் அவை விரைவில் துருவேறி இற்றுவிடும். உலர்ந்த பழைய பலகை முனையில் எளிதில் பிளக்கும். ஆகவே திருகாணி போகும் இடத்தில் அதைவிட மெல்லிய துளையை ட்ரில் கொண்டு முன்னதாகவே இட வேண்டும்.

தலைக்கு, மூன்று பலகைத் துண்டுகளைப் பின்புறம் குறுக்குச் சட்டத்தால் இணைத்து, 30 சென்டிமீட்டர் அகலமும் 35 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு தட்டை உண்டாக்கி, மேல் மூலைகளை வட்டமாக அறுத்துக்கொள்ள வேண்டும். அதனைப் பெட்டியின் முன்புறத்தில், பேலட்டின் சிறு கட்டை ஒன்றை இடையே கொடுத்துப் பொருத்தினால் தலை முன்னே துருத்தி நிற்கும். காதுகளை முறத்தின் வடிவில் அறுப்பது எளிது. பழந்தமிழர் யானையை முறச்செவி என்று அழைத்ததற்குப் பலகையே சான்றளிப்பது போலிருக்கும். காதுகளைத் தலைத் தட்டின் பின்னால் சற்றுச் சாய்வாக இருத்தினால் உயிரோட்டம் வரும். தும்பிக்கைக்கு, ஒன்றைவிட ஒன்று அகலம் குறைந்த ஐந்தாறு துண்டுகளை ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று சிறிதே படியும்படி திருகாணியால் இணைக்கலாம். அதன் நுனி தரையைத் தொடலாகாது. மரத்தின் வெட்டுமுனை, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல் தண்ணீரை மேலே இழுக்கும். இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்திவிட்டால் போதும். வெளிர்நிறப் பலகைத் துண்டு இருந்தால் தந்தத்துக்கு ஆகும். வால் ஒரு முழம் தேங்காய் நார்க்கயிறு.

எல்லா விளிம்புகளையும் அரத்தாலும் உப்புத்தாளாலும் மழுக்க வேண்டும். குழந்தைகள் இந்த யானையைப் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கமாட்டார்கள். தடவுவார்கள், காதைப் பிடித்து இழுப்பார்கள், முதுகில் ஏறவும் முயல்வார்கள். சிலாம்பு அதிகம் குத்துவது காதின் ஓரத்திலும் தும்பிக்கையின் நுனியிலுமே. தேய்க்கும்போது எழும் தூளை மூக்கில் ஏற்றாதிருக்கத் துணியை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

வெளிப்புறத்திற்கு ஆளிவிதை எண்ணெயை இரண்டு முறை ஊறவிட்டுப் பூசினால் மழைநீர் உடனே உள்ளிறங்காது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வைக்க வேண்டும். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். கடற்கரையோரங்களில் படகுகளுக்குப் பூசப்படும் முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் மரத்தை நன்கு காக்கும் என்றாலும், தோலைப் புண்ணாக்கும் தன்மை அதற்கு உண்டு. குழந்தைகள் புழங்கும் பொருளுக்கு அது ஏற்றதன்று. உட்புறத்தில் எந்தப் பூச்சும் வேண்டாம். நன்கு கழுவிய அரிசிச் சாக்கை விரித்தால் மண் சந்துகள் வழியே சிந்தாமல் நிற்கும். தடித்த பாலிதீன் தாளைத் துளையின்றி விரிப்பவர்கள், மரத்தைக் காப்பதாக எண்ணி வேரை அழுகச் செய்கின்றனர்.

மண்ணும் பயிரும்

தோட்டமண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு அல்லது மணல் ஆகியவற்றைச் சமபங்கு கலந்து, மேலே இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பலாம். 17 சென்டிமீட்டர் ஆழமே இருப்பதால் கீரை, வெந்தயம், கொத்துமல்லி, புதினா போன்ற மேல்வேர்ப் பயிர்களே தகும். தக்காளியும் கத்தரியும் இதற்கு ஆகா. வட மாநிலங்களில் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வெந்தயக் கீரையும் பாலக்கும் நன்கு வரும். கோடையில் இந்தத் தொட்டியின் மண் தரைமண்ணைவிட விரைவாகச் சூடேறிக் காய்ந்துவிடும். அப்போது பத்துமணிப் பூவை நட்டுவிட்டால் குறைந்த நீரில் தழைத்து, யானையின் முதுகிலிருந்து இருபுறமும் வழிந்து வண்ணச் சேணம் போலத் தோன்றும். முத்திரையும் வரலாறும் தெரியாத மரத்தில் செய்த தொட்டி ஏற்கெனவே இருக்குமாயின், அதை உடைக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் பூச்செடிக்கு ஒதுக்கிவிடலாம்.

நான்கு கால்களின் கீழும் ஒவ்வொரு செங்கல் வைப்பது கரையானைத் தாமதப்படுத்தும். வந்தாலும் அதன் மண்பாதை செங்கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை பார்த்துத் துடைத்துவிடும் பொறுப்பை ஒரு வகுப்பிடம் விடலாம்.

கைத்தொழில் வழியே கல்வி என்னும் கருத்தைக் காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்தார். 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு, சமூகப் பயனுள்ள ஆக்கப்பணியைப் பாடத்திட்டத்தின் உறுப்பாக்கப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான காலத்தில் 10 நாட்கள் புத்தகப்பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் மாணவர் பயிலலாம் என்கிறது. இந்த நாட்களை நிரப்ப என்ன செய்வது என்று தேடும் பள்ளிகளுக்கு யானைத் தொட்டி ஏற்ற பணியாகும். உள்ளூர்த் தச்சர் ஒருவரை அழைத்து, அவருக்கு உரிய கூலியும் கொடுத்துச் செய்வதே பொருத்தம். ஆசிரியரே எல்லாம் செய்து காட்டுவதைக் காட்டிலும், ரம்பத்தோடு வாழ்நாள் கழித்தவர் பலகையின் வரியோட்டத்தைத் தடவிப் பார்த்துச் சொல்வது மாணவர் மனத்தில் நிற்கும்.

பைன் மரமாயின், இவ்வளவு கவனத்துக்குப் பின்னும், இரண்டு மூன்று மழைக்காலங்களில் அடிப்பலகைகள் மிருதுவாகிவிடும். அவை ரீப்பரின் மேல் ஆணியின்றிக் கிடப்பதால், மண்ணை வாரி எடுத்துவிட்டு ஐந்தையும் மாற்றிவிடலாம். கால்களையும் தலையையும் கழற்ற வேண்டியதில்லை. எச்.டி. முத்திரையுள்ள மரமாக இருந்தால், உளுத்த பலகைகளை உடைத்து அருகிலுள்ள எருக்குழியில் போட்டுவிடலாம். புதிய அடிப்பலகைகளுக்கு வேண்டிய மரத்தைத் தேடும்போது, மீண்டும் முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டுக் கட்டையின் முத்திரையை.